நல்ல மாசத்தைப் பார்த்து வேலையை விடாதீங்க: கமிஷன் வேலைக்கு ஒரு கணக்கு

போன மாசம் ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். வயசு 26. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில மூணு வருஷமா ஷிஃப்ட் வேலை. கையில ஒரு ஆஃபர். செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம் வரைக்கும் மனை போட்டு விக்கிற ஒரு நிறுவனம். மாசம் ரூ.8,000 நிலையா தருவாங்க. ஒரு மனை வித்தா 1% கமிஷன். மனை விலை சுமார் ரூ.12 லட்சம், அப்போ ஒரு மனைக்கு ரூ.12,000.

"அண்ணா, மாசம் நாலு மனை வித்தா 56,000 வருது. இங்க ஓடி பார்த்தும் 22,000 தான். எழுதிக் கொடுத்துட்டு வந்துடவா?"

நான் உடனே வேணாம்னு சொல்லல. நானும் சம்பள வேலையை விட்டுட்டு வந்தவன் தான். ஆனா பேப்பர் எடுத்து கணக்குப் போட்டோம். அதே கணக்கை உங்களுக்கும் தர்றேன். நம்பரை மாத்தி உங்க கதைக்குப் போட்டுக்கோங்க.

முதல்ல, இப்போ உண்மையில எவ்வளவு வாங்குறீங்க?

அவர் சம்பளம் ரூ.20,000, அதுல பேசிக் ரூ.15,000. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாசம் 26 நாள். ஒரு மணி நேரத்துக்கு சுமார் ரூ.96. ஓடிக்கு சட்டப்படி இரட்டிப்பு, அதாவது ரூ.192. மாசம் 24 மணி நேரம் ஓடி பார்க்கிறார். பிஎஃப், இஎஸ்ஐ பிடிச்சது போக கைக்கு வர்றது சுமார் ரூ.22,600.

ஆனா கைக்கு வராத பணமும் உங்க பணம் தான்:

- கம்பெனி போடுற பிஎஃப் பங்கு: ரூ.1,800
- கம்பெனி கட்டுற இஎஸ்ஐ 3.25%: சுமார் ரூ.800
- போனஸ், குறைஞ்சபட்சம் வச்சாலும்: மாசத்துக்கு சுமார் ரூ.580
- கிராஜுவிட்டி, அஞ்சு வருஷம் முடிச்சா: மாசத்துக்கு சுமார் ரூ.720

எல்லாம் சேர்த்தா ரூ.26,500. இதுதான் அவரோட நிஜ சம்பளம். அவர் அம்மாவோட சுகர் மாத்திரை இஎஸ்ஐ டிஸ்பென்சரியில வருது. அதை வெளியில வாங்கினா என்ன ஆகும்னு அவர் யோசிச்சதே இல்ல.

(அவர் சம்பளத்துலேயே பிடிக்கிற பிஎஃப் ரூ.1,800-ஐ நான் இதுல சேர்க்கவே இல்ல. அதுவும் சேமிப்பு தான்.)

ரெண்டாவது, எத்தனை வித்தா சமம்?

புது வேலையில பிஎஃப் இல்ல, இஎஸ்ஐ இல்ல. "ரோல்ல எடுக்க மாட்டோம்"னு சொல்லிட்டாங்க. கஸ்டமரை சைட்டுக்குக் கூட்டிட்டுப் போற பெட்ரோல், போன் எல்லாம் சொந்தச் செலவு. மாசம் ரூ.5,000 வச்சோம்.

அப்போ 26,500-க்குச் சமமா நிக்கணும்னா, செலவு 5,000 சேர்த்து ரூ.31,500 வரணும். நிலையா வர்ற 8,000 போக மீதி ரூ.23,500. ஒரு மனைக்கு 12,000-னா மாசம் கிட்டத்தட்ட 2 மனை. வருஷத்துக்கு 24 மனை வித்தாத்தான் இப்போ இருக்கிற இடத்துலேயே இருக்கார். முன்னேற்றம் 25-வது மனையில இருந்துதான் ஆரம்பம்.

மூணாவது, யாரைக் கேட்கணும்?

இன்டர்வியூவில காட்டினது அந்த நிறுவனத்தோட டாப் ஆளை. புது கார், கழுத்துல செயின். "அவரைக் கேட்காதீங்க, அங்க ஒரு வருஷம் முடிச்ச சாதாரண ஆளைக் கேளுங்க. மாச வாரியா எவ்வளவு வந்துச்சுன்னு கேளுங்க"ன்னு சொல்லி அனுப்பினேன்.

ஒருத்தர் மனசு விட்டுப் பேசியிருக்கார். வருஷத்துல 14 மனை. ஆடி மாசம் ஒண்ணு கூட இல்ல, மார்கழியும் அப்படித்தான். நம்ம ஊர்ல யார் ஆடியில மனை பார்க்க வருவாங்க? தையில மட்டும் மூணு.

14 மனைக்குக் கமிஷன் ரூ.1,68,000. நிலையானது ரூ.96,000. மொத்தம் 2,64,000, மாசத்துக்கு 22,000. பெட்ரோல், போன் போக 17,000. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து மாசம் 270 மணி நேரம் உழைச்சிருக்கார். மணிக்கு ரூ.63. நம்ம தம்பிக்கு இப்போ ஓடியும் சேர்த்து மணிக்கு ரூ.114.

தம்பி அந்த ரெண்டு நம்பரையும் பேனாவால வட்டம் போட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல.

எழுத்துல கேட்க வேண்டியவை

1. கமிஷன் எப்போ வரும்? அட்வான்ஸ் வாங்கினப்பவா, பத்திரப்பதிவு முடிஞ்ச பிறகா? நடுவுல ரெண்டு மூணு மாசம் போகலாம்.
2. கஸ்டமர் கேன்சல் பண்ணா, கொடுத்த கமிஷனைத் திருப்பிப் பிடிப்பாங்களா?
3. டார்கெட் முடிக்கலைன்னா அந்த 8,000 நிக்குமா?
4. நான் வேலையை விட்டுட்டா, பாதியில இருக்கிற டீலுக்குக் கமிஷன் உண்டா?
5. மனைப்பிரிவு ரெரா பதிவு பண்ணதா? ஏஜென்ட்டா விக்கணும்னா உங்களுக்கும் ரெரா பதிவு வேணும். பதிவில்லாம வித்தா நாளுக்கு ரூ.10,000 அபராதம் ஏஜென்ட் மேலதான் விழும்.

வரி விஷயம், சுருக்கமா

கமிஷன்ல 2% டிடிஎஸ் பிடிப்பாங்க. வருமானம் வரி வரம்புக்குள்ள இருந்தாலும் ரிட்டர்ன் போட்டாத்தான் அது திரும்பி வரும். சம்பளக்காரங்களுக்குக் கிடைக்கிற ரூ.75,000 நிலையான கழிவு கமிஷனுக்குக் கிடையாது. அதுக்குப் பதிலா பெட்ரோல், போன் செலவைக் கழிக்கலாம், பில் வச்சிருந்தா. "லாபம் இவ்வளவு சதவீதம்"னு போடுற சுலப வழி, 44ஏடி, கமிஷன் வருமானத்துக்குச் செல்லாது. ஐடிஆர்-3 தான்.

இன்னொண்ணு. வீட்டுக் கடனோ கார் கடனோ மனசுல இருந்தா, வேலையை விடுறதுக்கு முன்னாடியே யோசிங்க. விட்ட பிறகு பெரும்பாலான பேங்க் ரெண்டு வருஷ ஐடி ரிட்டர்ன் கேட்கும்.

அப்போ போகவே கூடாதா?

போகலாம். ஓடிக்கு ஒரு எல்லை இருக்கு, கமிஷனுக்கு இல்ல. மாசம் நாலு மனை நிஜமாவே விக்கிற ஆள் இருக்காங்க. நீங்க அவரான்னு தெரிஞ்சுக்க வேலையை விடணும்னு அவசியமில்ல. நாலு வார லீவு நாள்ல அவங்களோட சைட் விசிட்டுக்கு சும்மா கூடப் போங்க. தெரியாத ஒருத்தர்கிட்ட 12 லட்சத்தைப் பத்திப் பேசறப்போ உங்களுக்கு உற்சாகம் வருதா, நாக்கு ஒட்டுதான்னு பாருங்க.

அப்புறம் ஆறு மாச வீட்டுச் செலவு தனியா இருக்கணும். தம்பிக்கு வாடகை, பைக் இஎம்ஐ எல்லாம் சேர்த்து மாசம் 18,000, அப்போ ரூ.1,08,000. அவர்கிட்ட இருந்தது 30,000. "பிஎஃப் எடுத்துக்கலாம்ல?"ன்னார். வேணாம். அஞ்சு வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா அது வரிக்கு உட்பட்டது. அதோட, அது இந்த மாச அரிசிக்கான பணம் இல்ல.

நான் பிராக்டிஸ் ஆரம்பிச்ச முதல் மாசம் வந்த ஃபீஸ் ரூ.3,500. "எவ்வளவு தைரியம் உங்களுக்கு"ன்னு இன்னைக்கும் சிலர் சொல்றாங்க. தைரியமெல்லாம் இல்ல. அந்த வருஷம் வீட்டு வாடகை என் மனைவியோட சம்பளத்துல போச்சு. உங்க வாடகை யார் சம்பளத்துல போகும்? அதுக்குப் பதில் இருந்தா போங்க.

தம்பி இப்போதைக்கு எழுதிக் கொடுக்கல. மாசம் 6,000 ஒரு ஆர்டியில போட ஆரம்பிச்சிருக்கார். ஒரு ஞாயிறு சைட்டுக்குப் போய்ட்டு வந்து போன் பண்ணார்: "அண்ணா, பேச நல்லாத்தான் வருது." அப்போ ஒரு வருஷம் பொறுங்க தம்பின்னு சொன்னேன். பணம் சேர்ந்திருக்கும், ஒரு ஆடியையும் வெளியில இருந்தே பார்த்திருப்பீங்க.