ஐஸ் தரையிலிருந்து மருத்துவ பீடம் வரை: ஹேலி விக்கன்ஹைசர்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஓராண்டு இருக்கும்போதே எமது வலைப்பந்து அணியில் பாதிப் பேர் காணாமற் போய்விடுகின்றனர். "இனி விளையாட்டை நிப்பாட்டுங்க டீச்சர், படிக்கட்டும்" என்று உம்மாமார் என்னிடம் சொல்வது வழக்கம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. விளையாட்டு எத்தனை பெண்களுக்குச் சோறு போட்டிருக்கிறது என்று ஒரு வாப்பா கேட்டால், விளையாட்டு ஆசிரியையான நானும் சற்று யோசித்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இம்முறை சஞ்சிகைக்காகக் கனடாவின் ஐஸ் ஹொக்கி வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசரைப் பற்றி எழுத விரும்பினேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். எம் ஊரில் ஐஸ் என்றால் மீன்பெட்டியும் ஐஸ் பழமும்தான் நினைவுக்கு வரும். கனடாவிலோ குளிர்காலத்தில் குளங்களே உறைந்து மைதானமாகிவிடும். ஐஸ் ஹொக்கியில் பந்து இல்லை. மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட கடினமான இறப்பர் வட்டை 'பக்' என்பர். சறுக்குக் காலணி அணிந்து, நீண்ட மட்டையால் அதனைத் தள்ளிச் சென்று கோல் போட வேண்டும். ஓர் அணியில் கோல் காப்பாளருடன் அறுவர் களத்தில் நிற்பர். இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். உடை எப்படி என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: தலைக்கவசம், முகக்கூடு, கையுறை, நீண்ட காலுறை என உடல் முழுவதும் மூடியே இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த பாத்திமா அல் அலி என்பவர் ஹிஜாபுடன் இதனை விளையாடுகிறார். 2017 இல் அமெரிக்காவின் வொஷிங்டனில் ஆண்கள் தொழில்முறைப் போட்டியொன்றில் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடக்கி வைக்க அவர் அழைக்கப்பட்டார்.

விக்கன்ஹைசர் 1978 ஓகஸ்ட் 12 இல் சஸ்கச்சவான் மாகாணத்தின் ஷோனவன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை வீட்டு முற்றத்திலேயே நீர் ஊற்றி உறையவைத்து ஐஸ் தளம் அமைத்துக் கொடுத்தார். அக்காலத்தில் பெண் பிள்ளைகளுக்கெனத் தனி அணிகள் அரிது என்பதால் ஆண் பிள்ளைகளுடனேயே விளையாடினார். அதுவும் எல்லாச் சிறுமியருக்கும் எப்போதும் கிடைத்த வாய்ப்பல்ல. 1956 இல் டொரொன்டோவில் அபி ஹொஃப்மன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தலைமுடியைக் கட்டையாக வெட்டி, பெயரை 'அப்' என்று சுருக்கி, ஆண் பிள்ளைகளின் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். சிறந்த வீரர்களின் அணிக்குத் தெரிவான வேளையில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் அவள் பெண் என்பதைக் கண்டுபிடித்தார்கள். (அவர் பின்னர் ஓட்ட வீராங்கனையாக நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றியது வேறு கதை.)

பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 1990 இல் ஒட்டாவாவில் நடைபெற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், பதினைந்தே வயதில், விக்கன்ஹைசர் கனடா தேசிய அணியில் சேர்ந்தார். 1998 இல் நகானோவில் பெண்கள் ஐஸ் ஹொக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது கனடா இறுதிப் போட்டியில் அமெரிக்காவிடம் தோற்றது. அதன் பின் 2002, 2006, 2010, 2014 என நான்கு முறை தொடர்ந்து தங்கம். ஏழு உலகச் சம்பியன் பட்டங்கள் தனி. இடையில் 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சொஃப்ட்போல் அணியிலும் ஆடிவிட்டு வந்தார்!

2014 சோச்சி இறுதிப் போட்டியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிய நான்கு நிமிடங்கள்கூட இல்லாத நிலையில் அமெரிக்கா 2–0 என முன்னிலையில் இருந்தது. கனடா ஒரு கோலைத் திருப்பியது. பின் கோல் காப்பாளரையே வெளியே அழைத்து, பதிலாக ஒரு தாக்குதல் வீராங்கனையை இறக்கினார்கள். காவலற்ற கோலை நோக்கி அமெரிக்கா அடித்த பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் எஞ்சியிருக்க மரீ-பிலிப் பூலன் சமன் செய்தார். மேலதிக நேரத்தில் தனியாக முன்னேறிச் சென்ற விக்கன்ஹைசர் விதிமீறி வீழ்த்தப்பட்டார். அதற்கான தண்டனையால் அமெரிக்க அணியில் ஒருவர் குறைந்திருந்த தருணத்தில் பூலன் வெற்றிக் கோலைப் போட்டார்.

இவ்வளவு வென்றும் பெண்களின் விளையாட்டில் வாழ்க்கை நடத்தப் போதிய வருமானம் இருக்கவில்லை. ஆண்களுக்கான தேசிய ஹொக்கி லீக் 1917 இல் தொடங்கியது. பெண்களுக்கு நிலையான சம்பளம் தரும் லீக் ஒன்று அவருடைய காலத்தில் உருவாகவில்லை. ஆண்களின் அணியில் இடம் தேடி இத்தாலி செல்ல முயன்றார். அங்குள்ள சம்மேளனம் பெண்களுக்கு அனுமதியில்லை என்றது. பின்லாந்தின் கிர்க்கொனும்மி சலமட் கழகம் அவரை ஏற்றது. 2003 இல் அங்கு ஆண்களின் தொழில்முறைப் போட்டியில் கோல் போட்ட முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார்.

என்னைக் கவர்ந்தது இனி வருவதுதான். அவர் விளையாட்டுக்காகப் படிப்பை விட்டுவிடவில்லை, அவசரப்படவுமில்லை. கல்கரிப் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் படித்தார். முப்பது வயதைக் கடந்த பின்னும் அப்பல்கலைக்கழக அணிக்காக ஆடி, 2012 இல் தேசியப் பல்கலைக்கழகச் சம்பியன் பட்டம் வென்றார். மருத்துவ விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். 2017 ஜனவரியில், 276 சர்வதேச ஆட்டங்களில் 168 கோல்களுடன் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டில், 39 வயதில், மருத்துவ பீட மாணவியானார். எல்லாப் பிள்ளைகளாலும் இப்படி முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அபூர்வமானவர், அவரது நாட்டின் பல்கலைக்கழக முறையும் எங்களுடையது போன்றதல்ல. உயர்தரப் பெறுபேற்றை இருபது ஆண்டுகளுக்குப் பின் கொண்டுபோய்க் காட்டி இங்கு மருத்துவ பீடத்துக்குள் நுழைய இயலாது. ஆயினும் விளையாட்டா, படிப்பா என்று ஒன்றைத் தெரியும்படி அவரை எவரும் பதினாறு வயதில் வற்புறுத்தியிருந்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் நடந்திராது.

2020 மார்ச்சில் கொரோனா பரவிக்கொண்டிருந்தது. டோக்கியோ ஒலிம்பிக் திட்டமிட்டபடி நடக்கும் என்றே சர்வதேச ஒலிம்பிக் குழு கூறிவந்தது. விக்கன்ஹைசர் அக்குழுவின் உறுப்பினர். அதேவேளை மருத்துவமனையில் பயிற்சி பெறும் மாணவி. உலகம் இருக்கும் நிலையில் இது பொறுப்பற்ற செயல் என்று பகிரங்கமாக எழுதினார். தன் குழுவுக்கு எதிராகவே பேசுவது இலேசான காரியமன்று. ஒரு வாரத்துக்குள் போட்டி ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் டொரொன்டோ மருத்துவமனைகளுக்கு முகக்கவசங்களும் கையுறைகளும் சேகரிக்கும் வேலையில் இறங்கினார்.

2018 முதல் டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஆண்கள் அணியின் வீரர்களை மேம்படுத்தும் பொறுப்பிலும் இருந்தார். படிப்பு நடந்துகொண்டிருந்த 2019 இல் ஹொக்கி புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கு இடம்பெற்ற ஏழாவது பெண் அவர். 2021 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே மேப்பிள் லீஃப்ஸின் உதவிப் பொது முகாமையாளராக உயர்ந்தார். வட அமெரிக்காவில் பெண்களுக்கான புதிய தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி முதலாம் திகதி டொரொன்டோவில் நடைபெற்றது. அந்த முதல் பருவத்தில் ஓர் அணியின் சராசரிச் சம்பளம் 55,000 அமெரிக்க டொலராக இருந்தது.