ஆராய்ச்சிக்குப் போடும் முதல் யாருடைய முதல்?

நமது வர்த்தகர்கள் மத்தியில் "ஆராய்ச்சி" என்ற சொல்லை எடுத்தால், "அது வெள்ளைக் கோட் போட்ட ஆட்கள் பார்க்கும் வேலை, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு டொலர் விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவார்கள். சம்பந்தம் இருக்கிறது. ஏறாவூரிலோ, காத்தான்குடியிலோ, ஓட்டமாவடியிலோ ஓர் அரிசிக் கடைக்குள் நுழைந்து அடுக்கியிருக்கும் மூட்டைகளைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை அரச பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பிள்ளைகள். அந்த ஆராய்ச்சி நடந்திராவிட்டால் அந்தக் கடையில் பாதி மூட்டைகூட இருந்திருக்காது.

அரச பணம் என்றால் யாருடைய பணம்? நாம் கட்டும் வரிதான். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டபோது எல்லோரும் முணுமுணுத்தோம். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு துளி ஆராய்ச்சிக்குப் போகிறதே, அதிலிருந்து நமக்குத் திரும்பி வருவது என்ன என்று நாம் கேட்பதில்லை. முதல் போட்டவன் கணக்குக் கேட்காத கடை எப்படி உருப்படும்?

பத்தலகொடயில் பிறந்த நெல்

முதலில் நமக்குத் தெரிந்த நெல்லிலிருந்து தொடங்குவோம். 1952 இல் குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடயில் அரசாங்கம் ஒரு நெல் இனவிருத்தி நிலையத்தை அமைத்தது. அங்கே நமது நாட்டு முருங்கைக்காயன் நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லையும் ஒட்டிப் பிறப்பித்ததுதான் எச்-4. அது 1958 இல் விவசாயிகள் கைக்கு வந்தது. நமது பகுதியின் மூத்த போடிமார் அந்தப் பெயரை இன்றும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதன் பின்னர் வந்தவைதான் நாம் தினமும் உச்சரிக்கும் பீஜி நெல் இனங்கள். பீஜி என்பது பத்தலகொடயைக் குறிக்கும். ஏடீ என்றால் அம்பலாந்தொட்டை, பீடபிள்யூ என்றால் பொம்புவல. பீஜி 300 மூன்று மாத நெல். பீஜி 352 மூன்றரை மாத நெல். வருடக்கணக்கில் நெல் வாங்கி விற்கும் பலர், பெயருக்குள்ளேயே பிறந்த ஊரும் வயதும் இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

1950 களில் ஹெக்டயருக்கு ஒன்றரைத் தொன் அளவில் இருந்த நாட்டின் சராசரி விளைச்சல் 2010 களில் நான்கு தொன்னைத் தாண்டியிருந்தது. நீர்ப்பாசனத்துக்கும் உரத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அந்த நீரையும் உரத்தையும் உண்டு நெல்லாகத் திருப்பித் தரக்கூடிய இனம் இல்லாவிட்டால் இரண்டும் வீண். வட்டையில் விளைந்த அந்த மேலதிக நெல்லால்தான் மில்கள் பெருகின, லொறிகள் ஓடின, நமது சந்தைகள் வளர்ந்தன. ஒரு புதிய நெல் இனத்தை உருவாக்கப் பத்து வருடமளவில் பிடிக்கும். இத்தனை காலம் வருமானமில்லாமல் காத்திருக்க எந்த முதலாளியும் முன்வர மாட்டார். ஆகவேதான் அதைப் பொதுப் பணத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

ஐரோப்பியர் போடும் கணக்கு

இந்தக் காரியத்தை மிகப் பெரிய அளவில் செய்பவர்கள் ஐரோப்பியர். 1984 இல் அவர்கள் நாடுகள் சேர்ந்து ஆராய்ச்சிக்கான பொதுத் திட்டமொன்றைத் தொடங்கின. அது கட்டம் கட்டமாக வளர்ந்தது. 2014 முதல் 2020 வரையான ஹொரைசன் 2020 திட்டத்துக்கு ஏறக்குறைய 80 பில்லியன் யூரோ. 2021 முதல் 2027 வரைக்கான ஹொரைசன் யூரோப் திட்டத்துக்கு ஆரம்பத்தில் 95.5 பில்லியன் யூரோ. இது ஒன்றியத்தின் பொதுப் பெட்டியிலிருந்து மட்டும் வருவது. ஒவ்வொரு நாடும் தனியாகச் செலவழிப்பது வேறு.

தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, வரப்போவதும் இல்லை. நாம் பார்க்க வேண்டியது அவர்கள் வகுத்திருக்கும் ஒழுங்குகளை.

முதலாவது, ஏழு வருடத்துக்கு ஒரே திட்டம். இடையில் அமைச்சர் மாறினாலும் பெட்டி மூடப்படாது. இரண்டாவது, போட்டி. விண்ணப்பங்களைத் துறை தெரிந்த வெளியாட்கள் பரிசீலித்துப் புள்ளி போடுவார்கள். மூன்றாவது, கூட்டு. பெரும்பாலான கூட்டு ஆய்வுகளுக்குக் குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து மூன்று தரப்புகள் சேர வேண்டும். பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் ஒரே மேசையில் உட்கார இதுவே வழி. அந்தக் கூட்டில் இலங்கை போன்ற நாடுகளின் நிறுவனங்களும் பங்காளியாகச் சேரலாம் என்பதை நமது பல்கலைக்கழகங்கள் கவனிக்க வேண்டும்.

நான்காவதுதான் நமக்கு மிக முக்கியம். விஞ்ஞானம் வேண்டியமட்டும் இருந்தும் அதைச் சந்தைக்குக் கொண்டுவர முடியவில்லையே என்ற கவலையை 1995 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவே ஓர் அறிக்கையில் எழுதியது. அதற்கு மருந்தாகச் சிறு நிறுவனங்களை உள்ளே இழுத்தார்கள். ஹொரைசன் 2020 இல் சிறு, நடுத்தரத் தொழில் ஒன்று புதிய யோசனையோடு வந்தால், அது சந்தையில் எடுபடுமா என்று பார்க்க மட்டும் 50,000 யூரோ கொடுத்தார்கள். சும்மா அள்ளி வீசவில்லை. விண்ணப்பித்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

இதனால் என்ன கண்டார்கள் என்று கேட்பீர்கள். பாட்டுக் கெசட் விற்ற நமது ஆட்களுக்கு ஓர் உதாரணம் போதும். கெசட்டுக்கும் சீடீக்கும் பின்னால் எம்.பீ. 3 வந்து அந்த வியாபாரத்தையே புரட்டிப்போட்டதல்லவா? அது 1987 இல் ஐரோப்பிய அரசுகளின் யுரேகா கூட்டில் தொடங்கிய ஒலிபரப்பு ஆய்வொன்றுக்குள், ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனம் பெரும் பங்கெடுத்து உருவாக்கியது. பொதுப் பணத்தில் பிறந்த ஒரு விடயம் நமது கடைத்தெருவரை வந்து ஒரு தொழிலை மூடிவைத்து இன்னொரு தொழிலைத் திறந்தது. ஆராய்ச்சி நமக்குச் சம்பந்தமில்லாதது என்று இதற்குப் பிறகும் சொல்ல முடியுமா?

வட்டியில்லாத பங்கு

இன்னொரு விடயம் நமது வாசகர்களை ஆச்சரியப்படுத்தும். ஐரோப்பிய புத்தாக்க சபை என்ற அமைப்பு புதிய நிறுவனங்களுக்கு 25 இலட்சம் யூரோ வரை மானியம் கொடுக்கிறது. அதற்கு மேல் பணம் தேவையானால், பொது நிதியே அந்த நிறுவனத்தில் பங்காளியாகச் சேர்கிறது. வளர்ந்தால் இலாபத்தில் பங்கு, விழுந்தால் நட்டத்திலும் பங்கு. முதலாளியும் உழைப்பாளியும் ஆபத்தைப் பகிர்ந்துகொள்வதை நாம் முளாரபா, முஷாரகா என்று எத்தனை காலமாகப் பேசி வருகிறோம்! மார்க்கச் சட்ட நுணுக்கங்களை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் புதுமுயற்சிக்கு வட்டிக் கடன் பொருந்தாது, பங்குதான் பொருந்தும் என்பதை அவர்களும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

பொதுப் பணத்தில் அறிவை வளர்ப்பது முஸ்லிம்களுக்குப் புதிதுமல்ல. பக்தாதில் கலீபா மஃமூனின் காலத்தில், அதாவது கி.பி. 813 க்கும் 833 க்கும் இடையில், அறிஞர்கள் ஆட்சியின் ஆதரவில் வாழ்ந்து ஆய்வு செய்தார்கள். அவர்களில் ஒருவரான அல் குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூல் எதற்குப் பயன்பட்டது? வாரிசுரிமைப் பங்கு பிரிக்க, காணி அளக்க, கொடுக்கல் வாங்கல் கணக்குத் தீர்க்க. கடைத்தெருவின் தேவைக்கு அன்றைய விஞ்ஞானம் பதில் சொன்னது. இன்று நாம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டோம்.

நமது நிலைமை

ஐரோப்பிய ஒன்றியம் தனது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்துக்குச் சற்று மேல் ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறது. அதைக்கூட 3 வீதமாக்க வேண்டும் என்று 2002 இல் தீர்மானித்தும் எட்ட முடியாமல் நிற்கிறார்கள். தென்கொரியா 5 வீதத்தை நெருங்குகிறது. நமது நாடு பல வருடங்களாக 0.1 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. ஆயிரம் ரூபாய் உழைத்தால் ஒரு ரூபாய். பிள்ளைக்கு ஒரு டொபி வாங்கக்கூடக் காணாது.

ஆராய்ச்சியைக் கேட்காமல் நடந்தால் என்னவாகும் என்பதை 2021 இல் பார்த்தோம். இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டது. இப்படி ஒரே இரவில் மாற முடியாது என்று விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கியிருந்தது. அந்தப் போகத்தின் விளைச்சல் கடுமையாக விழுந்தது. வயல்காரனோடு சேர்ந்து மில்காரனும் லொறிக்காரனும் மூட்டை தூக்கும் கூலித் தொழிலாளியும் அடிபட்டார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் 0.1 ஐ 1 ஆக்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. இருக்கும் கதவுகளையாவது தட்டுவோம். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. 1955 இல் தொடங்கிய பழைய விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம்தான் 1998 இல் இந்தப் பெயருக்கு மாறியது. கட்டணம் செலுத்தினால் உணவுப் பொருளைப் பரிசோதித்து அறிக்கை தருவார்கள். மீனுக்கும் இறாலுக்கும் 1981 இன் சட்டத்தால் அமைந்த நாரா நிறுவனம் இருக்கிறது. அறுவடைக்குப் பிந்திய வேலைகளுக்கு அநுராதபுரத்தில் ஒரு நிறுவகம் இருக்கிறது. ஆய்வுக்கு மானியம் வழங்கத் தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது. இவற்றையெல்லாம் விடப் பக்கத்தில், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

கொண்டுபோகக் கேள்வி இருக்கிறதா? நிறையவே இருக்கிறது. நூறு கிலோ நெல் குற்றினால் இருபது கிலோ அளவில் உமி மிஞ்சுகிறது. அதை எரித்துக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லையா? பச்சை அரிசித் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஆனால் குற்றிய சில மணித்தியாலங்களிலேயே அது காறத் தொடங்கிவிடும். உடனே சூடாக்கி அதை நிறுத்தும் முறை உலகில் இருக்கிறது. நமது சிறிய மில்லுக்கு ஏற்ற அளவில் அதைச் செய்ய முடியுமா? மாரி மழையில் கருவாடு பூஞ்சணம் பிடிக்காமல் உலர்த்துவது எப்படி? எருமைத் தயிரைக் கொழும்புவரை புளிக்காமல் கொண்டுபோவது எப்படி? கைத்தறிச் சாயத் தண்ணீர் ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான நமது வாவியில் கலக்காமல் தடுப்பது எப்படி? இவை ஒவ்வொன்றும் ஒரு மாணவனின் இறுதி வருட ஆய்வுக்குப் போதும்.

இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மில் வைத்திருக்கும் தம்பி ஒருவர், "காக்கா, அவங்களுக்கு நம்மட தொழில் விளங்காது, நமக்கு அவங்கட பாஷை விளங்காது" என்றார். உண்மைதான். ஆகவே தனித்தனியாகப் போக வேண்டாம். வர்த்தகர் சங்கமாகப் போவோம். ஒவ்வொரு சங்கமும் வருடத்துக்கு ஒரு கேள்வியை மட்டும் தெரிவுசெய்து எழுத்தில் கொடுக்கட்டும். ஐரோப்பாவிலும் பல திட்டங்களில் கம்பனி தன் பங்குக்கு ஒரு தொகை போட்டாக வேண்டும். நாமும் இரசாயனப் பொருளுக்கோ மாணவனின் பயணச் செலவுக்கோ பங்கு போடுவோம். பணம் போட்டவன்தான் பின்னால் சென்று விசாரிப்பான்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, முடிவு நமக்குப் பிடித்ததாக வர வேண்டும் என்று ஆய்வாளரை நெருக்கக் கூடாது. "இது சரிவராது" என்ற பதிலும் பெறுமதியானது. அது நமது முதலைக் காப்பாற்றும். மற்றது, புதிதாக ஒன்று கிடைத்தால் அதன் உரிமை யாருக்கு எவ்வளவு என்பதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கண்டுபிடிப்புக்கு இருபது வருடக் காப்புரிமை பெறலாம். விண்ணப்பிக்கும் முன் அதை ஊரெல்லாம் காட்டித் திரிய வேண்டாம்.

நமது பள்ளிவாசல் கணக்கை ஜும்ஆ முடிந்ததும் வாசிக்கிறார்கள். ஒரு ரூபாய் பிசகினாலும் எழுந்து கேட்கிறோம். அதே உரிமையோடு வரிப் பணத்தில் நடக்கும் ஆய்வுகூடத்தின் வாசலிலும் போய் நிற்க நாம் பழக வேண்டும். அங்கே போட்டிருப்பதும் நமது முதல்தான். முயற்சி நம்முடையது, அதில் பரக்கத் செய்பவன் அல்லாஹ்.