விளையாட்டு இலவசம், பெட்டிக்குத்தான் காசு



வளைகுடாவில் இருக்கும் கணவர் வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணம், பத்து வயது மகனின் செல்போன் விளையாட்டில் கரைந்துவிட்டதாக ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்து அழுதார். "நான் திருடலை உம்மா, பெட்டிதான் வாங்குனேன்" என்றானாம் பையன்.

பல விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கும். உள்ளே போனதும் உடை, ஆயுதம் என்று விற்பார்கள். பொருளும் விலையும் தெரிந்து வாங்குவது ஒன்று. என்ன வரும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கும் 'லூட் பாக்ஸ்' வேறு. விரும்பியது வராவிட்டால் மறுபடி காசு. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் விலக்கும் சூதாட்டத்தின் குணம் இதில் இருக்கிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்றது. நம் நாட்டின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. ஆனால் விளையாட்டுக்குள் நடக்கும் எல்லா விற்பனையையும் நிறுத்தவில்லை. எனவே காவல் வீட்டில்தான் வேண்டும்.

பொறுப்பறியும் வயது வரும்வரை பொருளைக் கையில் ஒப்படைக்காதிருப்பது அன்னிஸா அத்தியாயம் காட்டும் வழி. பிள்ளை தொடும் போனில் ஜிபே, போன்பே வேண்டாம். யூபிஐ ரகசிய எண்ணை அவர்கள் பார்க்க அழுத்தாதீர்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள்.

விளையாடவே கூடாது என்பதல்ல. தொழுகை, பாடம், தூக்கம் கெடாமல் நேரம் குறித்து விளையாடட்டும். அஸருக்குப் பின் மைதானத்துக்கும் அனுப்புங்கள்.

தவறு நடந்துவிட்டால் அடிக்காதீர்கள். அடுத்த முறை மறைப்பான். பக்கத்தில் உட்காரவைத்து, போன பணம் வாப்பாவின் எத்தனை நாள் உழைப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.