நிலத் தகராறு: வழக்கு எங்கே தொடங்குது?

கம்பம் பள்ளத்தாக்கில் நிலத் தகராறு என்றாலே முதலில் காதில் விழுவது, "பட்டா எங்க பேர்லதான் இருக்கு." தாலுகா ஆபீசுக்கு அது பெரிய ஆதாரம். சிவில் கோர்ட்டுக்கு, பல ஆதாரங்களில் ஒன்று, அவ்வளவுதான். நிலம் யாருக்கு உரிமை என்று தீர்ப்பது நீதிமன்றம்.

அங்கே வழக்கு பிராதில் தொடங்குது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, நிலம் இருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில்தான் அதைத் தாக்கல் செய்யணும். வாதி சென்னையில் இருந்தாலும் கம்பத்து வயலுக்கு உத்தமபாளையம் வரணும். மதிப்பு அதிகமென்றால் தேனி மாவட்ட நீதிமன்றம்.

பிராதில் மூன்று விஷயம் முக்கியம்.

1. வழக்கு மூலம்: வேலியை எப்போ பிடுங்கினாங்க, உரிமையை எப்போ மறுத்தாங்க என்ற தேதிகள். காலவரம்பு இங்கிருந்துதான் ஓடும்.

2. பரிகாரம்: என்ன கேட்கிறோம்? மதிப்பின்படி கட்டும் நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. அதையும் மிச்சம் பிடிக்க, "உள்ளே வரக் கூடாதுன்னு தடை கொடுங்க" என்று மட்டும் கேட்பவர்கள் உண்டு. ஆனால் எதிராளி உரிமையையே தீவிரமாக மறுத்தால், உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்கணும். அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைக் கவனிக்காமல் விட்டால் பல வருஷம் நடத்திய வழக்கு வீணாகலாம்.

3. தபசில்: சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை. இதில் பிழை இருந்தால் ஜெயித்தும் பயனில்லை. அமீனா வந்து எந்த இடத்தை ஒப்படைப்பார்?

தபசிலின் அருமை தெரிய மலைமேல் தேக்கடியைப் பார்க்கலாம். முல்லைப் பெரியாறு அணைக்கு 1886-இல் திருவிதாங்கூர் 8,000 ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. எல்லை வேலியோ கல்லோ இல்லை. 155 அடி உயரக் கோடு. அந்தப் பக்கம் கேரளா கார் நிறுத்துமிடம் கட்ட, குத்தகை நிலத்துக்குள் வருது என்று தமிழ்நாடு 2014-இல் வழக்கு போட்டது. இரண்டு மாநிலங்களுக்கு இடையில் என்பதால், அரசமைப்பின் 131-வது பிரிவுப்படி நேராக உச்ச நீதிமன்றம். ஒன்பது வருஷம் கழித்து, 2023 நவம்பரில், நீதிமன்றம் இந்திய நில அளவைத் துறையை அளக்கச் சொன்னது. அரசுகளுக்கே எல்லைதான் சிக்கல் என்றால், ரெண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டத்துக்கு?

பிராது எண்ணாகிப் பதிவானதும் சம்மன் போகும். பிரதிவாதி 30 நாளில் எதிருரை தரணும். நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். பிறகு, இரு தரப்பும் எதில் முரண்படுதோ அதை நீதிபதி எழுவினாக்களாக எழுதுவார். விசாரணை அதைச் சுற்றித்தான்.

ஆகவே வக்கீலைப் பார்க்கப் போகும் முன் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்எம்பி வரைபடம் நாலையும் பக்கத்தில் வைத்து சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகுதா என்று பாருங்க. ஒத்துப்போகலைன்னா, முதலில் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்க. பிராதை அப்புறம் எழுதலாம்.