தொட்டியிற் பயிர் வளர்த்தல்

நிலமில்லாதவனுக்குப் பயிர்த்தொழில் இல்லை என்பர். பசறைப் பகுதித் தோட்டங்களிலே பிறந்த நம்மவர் இக்கூற்றின் பொருளை வாழ்ந்தே அறிந்தவர். மலைமலையாகத் தேயிலை வளர்த்தோர், தமக்கென ஒரு கறிவேப்பிலைக் கன்று நாட்டச் சொந்த நிலமின்றி லயத்துக் காம்பராவிலே வாழ்ந்தனர். அண்மைக்கால வீட்டுத்திட்டங்களிலே 7 பேர்ச் காணி வழங்கப்பட்டபோதிலும், இன்றும் லயங்களில் வாழுங் குடும்பங்கள் பல. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலை எட்டாத உயரத்திற்குச் சென்றபோது, இஸ்தோப்பு ஓரத்து நான்கு தொட்டிகளின் அருமை புலனாயிற்று.

தொட்டிப் பயிர் நமக்குப் புதியதன்று. தேயிலை நாற்றுமேடையிலே ஓரிலையுங் கணுவுமுள்ள தண்டுத்துண்டைப் பொலித்தீன் பையில் ஊன்றி, நிழலில் வேர்விடச் செய்து, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கிய கைகள் நம் பெற்றோருடையவை. அதே பக்குவந்தான் இங்கும் வேண்டுவது.

முதலாவது, துளை. வேருக்குங் காற்று வேண்டும். நீர் தேங்கின் அது அழுகும். ஆதலின் பழைய வாளியாயினும் தகரமாயினும் அடியிலே துளையிடல் வேண்டும். அடியிற் கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலர் கருதுவர். உண்மையில், மண் முற்றும் நனைந்த பின்னரே நீர் கல்லிடையே இறங்கும். வேருக்குரிய இடமுங் குறையும். துளைமேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

இரண்டாவது, மண். வெறும் நிலத்து மண் தொட்டியில் இறுகிவிடும். மண், மணல், மக்கிய சாணம் ஆகியவற்றைச் சமபங்காகக் கலத்தல் நன்று.

மூன்றாவது, செடித்தெரிவு. கீரை, வல்லாரை, வெங்காயத்தாள் என்பவற்றுக்கு 6 அங்குல ஆழம் போதும். மிளகாய், கத்தரி, தக்காளி என்பன 12 அங்குல ஆழமும் நாளொன்றுக்கு 6 மணிநேர வெயிலும் வேண்டுவன. நிழலான இடத்துக்கு அந்தூரியம் ஏற்றது.

நான்காவது, காலமறிந்து பேணல். ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீசும் உலர்காற்று நமது தேயிலைக்கு நறுமணந் தரினும், தொட்டி மண்ணை விரைவில் வறளச் செய்யும். அக்காலத்திலே தொட்டிகளைக் காற்றொதுக்கில் நெருக்கி வைத்து, மண்மேற் சருகு பரப்புக. வெயிலிற் சுடுந் தகரத்துக்கு வெள்ளை பூசுக. விரலை ஓரங்குலஞ் செலுத்திப் பார்த்து, மண் உலர்ந்திருப்பின் நீர் வார்க்க. அடித்தட்டில் நிற்கும் நீரிலே டெங்கு நுளம்பு பெருகுமாதலின், வாரந்தவறாது அதனைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் நம் கடன்.

கொழும்பு மாடிவீடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் இம்முறை பொருந்தும். எனினும் தொட்டி ஒருபோதும் நிலத்துக்கு ஈடாகாது. பலாவும் மாவும் ஓங்கி வளர்வதற்குச் சொந்த மண் வேண்டும். அவ்வுரிமை யாவர்க்குங் கிட்டும்வரை, அடுப்படிக்கு உதவுவதுந் தொழிலை மறவாது காப்பதும் இத்தொட்டியே. மாணவர் ஒவ்வொருவரும் இவ்விழா ஆண்டிலே ஒரு மிளகாய்க் கன்றேனும் வளர்ப்பாராக.