தூணுக்குள் ஒரு கொக்கி

1993 செப்டம்பர் 30, விடிய இன்னும் நேரமிருந்தது. முந்தைய இரவு பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தது மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி. வந்த நிலநடுக்கத்தின் அளவு 6.2தான். அந்த வட்டாரத்தில் 7,500 பேருக்கு மேல் மாண்டார்கள்.

வீடுகள் ஒன்றும் ஓட்டை உடைசல் அல்ல. இரண்டடிக்குக் குறையாத கல் சுவர்கள். ஆனால் உள்ளே? வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உட்பக்கம் ஒரு வரிசை, நடுவே உடைகல்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் குறுக்கே பிணைக்கும் நீளக்கல் கிடையாது. கல்லைப் பிணைத்த சாந்தும் களிமண்தான். கோடை வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று மேலே மரப்பலகை பரப்பி, அதன்மேல் ஓரடிக்கும் அதிகமாக மண் கொட்டியிருந்தார்கள். குலுக்கலில் சுவர் இரண்டாகப் பிளந்து சரிய, அத்தனை மண்ணும் தூங்கியவர்கள்மேல் இறங்கியது. கூரை வேய்ந்த குடிசைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள்.

மண்ணும் கல்லும்தானே, நம்முடையது கான்கிரீட் என்று நிம்மதி அடைய முடியாது. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் கட்ச் குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் உட்கார்ந்துவிட்டன. பலவற்றில் தரைத்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம். சுவரே இல்லாத வெறும் தூண்கள். மேல்தளங்கள் பெட்டிபோல் விறைத்து நிற்க, ஆட்டம் முழுவதையும் அந்தக் குச்சிக்கால்களே வாங்கின. அதே கட்ச்சில் வட்டமான மண்வீடுகள் பல நின்றன. பூங்கா என்பார்கள் (நம் பூங்கா அல்ல). வட்டச்சுவரில் பிய்த்துக்கொள்ள மூலை இல்லை. கூம்புக் கூரையும் லேசு.

தூணின் பலம் நெடுக்குக் கம்பியில் மட்டுமில்லை, அதைச் சுற்றிக் கட்டும் ரிங்கிலும் இருக்கிறது. ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடக்கி விட்டிருந்தால், ஆட்டத்தில் மேல்கான்கிரீட் உதிர்ந்ததும் அது வாய் பிளந்துவிடும். நெடுக்குக் கம்பிகள் பிதுங்கித் தூண் நொறுங்கும். 135 டிகிரிக்கு வளைத்து, முனையை உள்ளே திருப்பிவிட்டால் பிடி விடாது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி 13920 இதைத்தான் சொல்கிறது. அந்த விதி வெளிவந்தது கில்லாரி விழுந்த அதே 1993-இல். கம்பி கட்டுபவருக்கு இது இன்னொரு வளைப்பு, அவ்வளவுதான். அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

சென்னையை 2002-இலேயே 2-ஆம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து 3-க்கு உயர்த்திவிட்டார்கள். வீடு கட்டுகிறீர்களா? கான்கிரீட் ஊற்றும் நாளில் தூண்கூட்டை எட்டிப் பாருங்கள். ரிங்கின் கொக்கி உள்ளே திரும்பவில்லை என்றால், அன்றைக்குக் கான்கிரீட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.