பிஸ்டன் பின்னில் சுத்தியல் வேண்டாம்

பழைய வண்டியின் என்ஜினை வீட்டு ஷெட்டிலேயே பிரித்துப் பூட்டும் ஆர்வம் நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கு உண்டு. ஜாம்ஷெட்பூரில் அதற்குக் குறைவிருக்குமா! ஆலையில் ஸ்பானர் பிடித்த கை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருப்பதில்லை. ஹெட்டைக் கழற்றி, ஆயில் சம்ப்பை இறக்கி, பிஸ்டன்களைக் கனெக்டிங் ராடோடு மேலே தள்ளி எடுக்கும் வரை நிதானமும் நல்ல கருவிகளும் இருந்தால் போதும். அதற்குப் பிறகு, ராடிலிருந்து பிஸ்டனைப் பிரிக்கும் இடத்தில்தான் பலர் சுத்தியலைத் தேடுகிறார்கள்.

பிஸ்டனையும் ராடையும் இணைப்பது பிஸ்டன் பின் என்னும் எஃகுக் குழாய். பழைய ஆட்கள் கட்ஜன் பின் என்பார்கள். அது எப்படிப் பிடித்து நிற்கிறது என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது. நம் திருவொற்றியூரில் உருவான புல்லட்டில் பின்னின் இருபுறமும் சர்க்ளிப் இருக்கும். அதை எடுத்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைப் பிஸ்டனில் சுற்றி வைத்தால் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிந்து பின்னை விட்டுக்கொடுக்கும். மே மாத வெயிலில் விரலால் தள்ளினாலே வரும் பின், ஜனவரிக் குளிரில் அசைய மறுப்பதும் இதனால்தான். 20 மி.மீ. பின்னில் அந்த வித்தியாசம் 0.007 மி.மீ. தான். பழைய 1489 சி.சி. அம்பாசடரில் ராடின் சிறு முனையிலேயே ஒரு போல்ட் உண்டு. அதைத் தளர்த்தும்போது ராடு முறுகாதபடி பின்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

தொல்லை மூன்றாவது வகையில். 1998-ல் வந்த முதல் ஹோண்டா சிட்டி போன்ற பல கார்களில் சர்க்ளிப்பும் இல்லை, போல்ட்டும் இல்லை. ராடை ஆட்டிப் பாருங்கள், பின்னும் சேர்ந்தே திரும்பும். பின் பிஸ்டனில் தளர்வாகவும் ராடில் இறுக்கமாகவும் இருக்கிறது என்று பொருள்.

ஊரில் கொல்லர் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்ளும். ராடின் துளையும் அப்படித்தான். பின்னைவிட 0.02, 0.03 மி.மீ. அளவுக்குச் சிறியது. பிடி முழுவதும் எஃகுக்கும் எஃகுக்கும் இடையில் இருப்பதால் பிஸ்டனை வெந்நீரில் போட்டுப் பயனில்லை. பிஸ்டன் மாட்டியிருக்கும்போதே ராடில் காஸ் டார்ச் காட்டுவதும் ஆகாது. அலுமினியம் உருகுவதற்கு வெகு முன்பே தன் வலுவை இழந்துவிடும்.

எனவே பிரஸ்தான் வழி. பின்னை அழுத்தும்போது ராடும் கூடவே கீழே இறங்கி, பிஸ்டனின் கீழ்ப்பக்கப் பின் துளையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியில் போய் உட்காரும். முழுப் பாரமும் அந்த இடத்தில் விழுகிறது. அதற்கு நேர் கீழே, அந்தப் பகுதியின் வடிவத்துக்கேற்ற, பின் உள்ளே இறங்கும் அளவு துளையுள்ள தாங்கி வேண்டும். பிஸ்டனைச் சும்மா பலகையில் சாய்த்து வைத்தால் அதன் மெல்லிய பாவாடைப் பகுதி நசுங்கிவிடும். தள்ளும் தண்டு பின்னைவிடச் சற்றே சிறியதாக, நேராக இருக்க வேண்டும்.

"எப்படியும் புதுப் பிஸ்டன்தானே போடப் போகிறோம், பழையது நசுங்கினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பிஸ்டன் போகட்டும், ராடு பழையதுதானே! எங்கள் தெரு நண்பர் ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கைவைத்து, சிலிண்டர் போரிங்கும் புதுப் பிஸ்டன்களும் போட்டார். பின்களைக் கழற்றித் தந்த பட்டறையில் பிரஸ் கிடையாது, சம்மட்டிதான். நான்கே மாதத்தில் நீலப் புகை. பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தேய்மானம் கோணலாக, மூலைக்கு மூலை ஓடியிருந்தது. ராடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தது. மொத்தச் செலவும் இரண்டாம் முறை.

ஆகவே இங்கே 'கராத்' என்று சொல்லப்படும் லேத் கடைக்குப் போனால், விலை கேட்கும் முன் பிரஸ்ஸையும் தாங்கியையும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை. கொடுக்கும் முன் ஒவ்வொரு ராடிலும் சிலிண்டர் எண், பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி, ராடின் ஆயில் துளை எந்தப் பக்கம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பிஸ்டன் திசை மாறி ஏறினால் மறுபடி பிரஸ்தான்.

திரும்பப் போடுவது கொல்லர் முறையே. வெறும் ராடின் சிறு முனையை மட்டும் 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் 19 மி.மீ. துளை சுமார் 0.05 மி.மீ. விரியும். ஃப்ரீசரில் இரவு முழுவதும் கிடந்த பின் அதில் வழுக்கிக்கொண்டு நுழையும். ஆனால் சில வினாடிகள்தான் அவகாசம். பின்னுக்குச் சூடு ஏறியதும் கவ்விவிடும். பாதியில் நின்றால் கையால் அசைக்க முடியாது. பின் நடுவில் வந்து நிற்பதற்கு எதிர்ப்பக்கம் ஒரு தடுப்புக் கட்டையை முன்கூட்டியே அளந்து வைப்பார்கள். இந்த வேலையைப் பழக்கமில்லாதவர்கள் அதே கடைக்காரரிடமே விட்டுவிடுவது நல்லது.

ஆறிய பிறகு பிஸ்டனைக் கையில் பிடித்து ராடைக் கிடைமட்டமாக உயர்த்தி விடுங்கள். தன் எடையிலேயே தங்குதடையின்றி இறங்க வேண்டும். இடையில் நின்றால், என்ஜினில் ஏற்றாமல் கடைக்கே திருப்பி எடுத்துப் போங்கள்.